உழக்கின் மேல் ஒரு கோபுரம்

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் நம் பத்திரிகையின் இருபதாவது இதழ் நேற்று சிவகாசியிலிருந்து வந்து இறங்கியது. கட்டைப் பிரித்து ஒரு பிரதியை மடியில் வைத்துக்கொண்டு இந்த நன்றிக் கடிதத்தை எழுதுகிறேன். ஆசிரியர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் சங்கதியெல்லாம் நீங்கள் கொடுத்தது. பெரும்பாலானோர் "பேரெல்லாம் போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் பெயர் சொல்லவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் தேவகோட்டை ஆச்சிக்கு. மூன்றாவது இதழில் வெள்ளைப் பணியாரம் செய்முறை போட்டோம். நான் அளவைக் கிராமுக்கு மாற்றி எழுதியிருந்தேன். இதழ் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். "தம்பி, இந்த அளவுக்குப் பணியாரம் வராது. ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போ" என்றார்கள். போனேன். வீட்டின் நடுவே இருக்கும் வளவில் உட்கார்ந்து, உழக்கு நிறையப் பச்சரிசி எடுத்து, விரலால் தலை தட்டினார்கள். அந்த அரிசிக்கு மேலேயே உளுந்தைக் குவித்தார்கள். இன்னும் ஒரு பருப்பு வைத்தால் சரிந்துவிடும் என்கிற வரைக்கும் குவித்துவிட்டு, "கோபுரம் நிக்குதா? இதுதான் அளவு" என்றார்கள். அன்று சாயங்காலம் அவர்கள் ஊற்றிய பணியாரம் ஓரம்கூடச் சிவக்காமல் பஞ்சாக வந்தது. அடுத்த இதழில் அந்த உழக்கின் படத்தோடு திருத்தம் போட்டோம். சமைத்தவர் வாசித்துப் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு சமையல் குறிப்பும் அதற்கப்புறம் அச்சுக்குப் போனதில்லை.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை அண்ணன்களுக்கு. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றி, அச்சைக் கோணாமல் தூக்கும் அந்த நொடியைப் படம் எடுக்க எத்தனை கல்லை எங்களுக்காக மறுபடி செய்தீர்கள்! அந்தக் கல்லின் பளபளப்பு பாலிஷில் வருவதில்லை, அடியில் கிடக்கும் கண்ணாடியில் இருந்து வருகிறது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்த கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரித்தபோது, உங்கள் முகமே அதில் தெரிந்தது.

அந்தப் படம் புரூஃபில் கெட்டுப்போயிருந்தது. செங்காவி இருக்கவேண்டிய இடத்தில் ரோஸ். மனசு கேட்காமல் ஓரம் உடைந்த ஒரு கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினேன். மெஷின் ஓட்டும் அண்ணன் கல்லை விளக்கடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மெஜந்தாவைக் குறைத்து, மஞ்சளை ஏற்றி, தாள் தாளாக எடுத்துக் கல்லின் பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீணான தாளுக்குக் காசு கேட்கவில்லை. நிறம் சேர்ந்த தாளில் தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் கொடுத்தார். அதை ஃபிரேம் போட்டு ஆபீஸில் மாட்டியிருக்கிறேன்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஐயாக்களுக்கு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். எந்தத் தூண் பர்மா தேக்கு, எந்த அறையில் யாருக்குக் கல்யாணம் நடந்தது என்பதெல்லாம் சாவி வைத்திருக்கும் உங்களுக்குத்தான் தெரிகிறது. அந்த வீடுகளைப் பற்றிய எங்கள் கட்டுரைகளில் உயிருள்ள வரி எதுவோ, அது நீங்கள் சொன்னது.

கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் வந்து படம் எடுத்துப் போனார்கள். நாங்கள் தாமதமாகத்தான் வந்தோம். அப்போதும் தறியை நிறுத்திவிட்டு அரை நாள் பேசிய நெசவாளர் அம்மாவுக்கு நன்றி.

பழைய இதழ்களை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தவர்களை எப்படி மறப்பேன்? பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா புத்தகம், பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ் என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. நீங்கள் கொடுத்த பெட்டிகளைத் திறக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். தமிழறிஞர் ராய. சொக்கலிங்கம் காரைக்குடியில் 'ஊழியன்' பத்திரிகை நடத்திய காலத்திலிருந்தே இந்த ஊர் பத்திரிகையை வீட்டுப் பொருளாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

ஒற்று விட்ட இடமெல்லாம் சிவப்பு மையில் சுழித்து அனுப்பும் தமிழாசிரியர் ஐயாவுக்கும், நம் இதழை முன்வரிசையில் தொங்கவிடும் பஸ் ஸ்டாண்ட் கடை அண்ணாச்சிக்கும், இதழ்க் கட்டுகளை சீட்டுக்கு அடியில் வைத்துத் திருப்பத்தூர் கொண்டுபோய்ச் சேர்க்கும் கண்டக்டர்களுக்கும் என் வணக்கம்.

உங்கள் பிரதிகளைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. இந்த வாரம் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆச்சி, தேவகோட்டைக்குத்தான் முதலில்.

அன்புடன்,
ஆசிரியர்