முகாம்களுக்கு வெயில் அடுப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் புது வீடுகள் எழுவதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டைப் பற்றி அவ்வளவு எழுதியவர் அடுப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்று மனசு கேட்கவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் நாங்கள் தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில் இருந்தோம். சமையலும் ஒரே அறைக்குள், பிள்ளைகள் படுப்பதும் அதற்குள். சவுக்குத் தோப்பில் மிலாறு பொறுக்கி வந்து எரிப்போம். ஈர மிலாறு புகைந்தால் மாமியார் ஊதாங்குழலைப் போட்டுவிட்டு இருமிக்கொண்டே வெளியே ஓடுவார். கூரையில் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு.

அப்போது ஒரு தொண்டு நிறுவனம் சில வீடுகளுக்குச் சூரிய அடுப்பு கொடுத்தது. உள்ளே கறுப்பு வண்ணம் அடித்த பெட்டி, மேலே கண்ணாடி, மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி. காலை பத்து மணிக்கு அரிசியையும் ஊறவைத்த துவரம்பருப்பையும் டப்பாக்களில் வைத்துவிட்டு மீன் விற்கப் போனால், ஒரு மணிக்குத் திரும்பும்போது வெந்திருக்கும். அடிபிடிக்காது, கிளற வேண்டாம். நடுவில் யாராவது பெட்டியை வெயில் பக்கம் திருப்பிவிட்டால் போதும். அவசரப்பட்டுத் திறந்து திறந்து பார்த்தால்தான் சூடு போய்ச் சோறு நறுக்கரிசியாக நிற்கும்.

கொடுத்தவர்கள் ஒருநாள் செய்துகாட்டிவிட்டுப் போனதோடு சரி. கண்ணாடி உடைந்தபோது மாற்றித்தர ஆளில்லை. பல பெட்டிகள் கயிறும் தக்கையும் போட்டுவைக்கத்தான் ஆயின. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்ற மாதம் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தேன். அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமுக்கு இரண்டு பெண்கள் விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். 2021-இல் அரசு இலவச எரிவாயு இணைப்பும், ஆண்டுக்கு 5 சிலிண்டருக்குத் தலா 400 ரூபாய் மானியமும் அறிவித்தது நல்ல காரியம். மீதிப் பணத்தைக் கூலி வேலையில்தானே புரட்ட வேண்டும்? “கேஸ் இருக்குது அக்கா. பருப்புக்கும் சுடுதண்ணிக்கும் அதை எரிக்க ஏலாது” என்றார் ஒருவர்.

அங்கிருந்து ஆரோவில் அதிக தூரமில்லை. அதன் சூரியச் சமையற்கூடத்துக் கூரையில் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்க 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணமே கட்டியிருக்கிறார்கள். மேகம் மூடினால் கைகொடுக்க டீசல் கொதிகலன். அதே வெயில் முகாம் முற்றத்தில் வீணாகக் காய்கிறது. ஆப்பிரிக்காவில், சாட் நாட்டு இரிடிமி முகாமில், சூடானின் டார்ஃபூர் பகுதியிலிருந்து அகதிகளாக வந்த பெண்கள் விறகுக்குப் போனபோது தாக்குதலுக்கு ஆளானார்கள். அங்கே அட்டையிலும் அலுமினியத் தாளிலுமான சூரிய அடுப்பை முகாம் பெண்களே செய்யக் கற்றார்கள். பழுதானால் பக்கத்து வீட்டிலேயே ஆள் உண்டு!

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது உதவாது. விடியற்காலை இட்லிக்கும் மீன் வறுவலுக்கும் கேஸ்தான். மாசி முதல் ஆவணி வரை மத்தியானச் சோறும் பருப்பும் வெயிலில் வெந்தால் சிலிண்டர் எத்தனை நாள் கூடுதலாக வரும்! குடிநீரையும் இதில் சூடாக்கலாம், கொதிக்க வேண்டியதில்லை. 65 டிகிரி சூட்டில் சற்று நேரம் இருந்தாலே நோய்க்கிருமி செத்துவிடும்.

மாவட்ட நிர்வாகங்கள் கீழ்புத்துப்பட்டு முகாமிலும் குறிஞ்சிப்பாடி முகாமிலும் இருபது இருபது வீடுகளிலாவது தொடங்கட்டும். முகாமின் மகளிர் குழுவுக்குப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்து, மாற்றுக் கண்ணாடியும் கையில் கொடுக்கட்டும். எங்கள் தெருவில் இதில் சமைத்துப் பழகிய மூன்று பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் வந்து செய்துகாட்டுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்.