மன்னாரைக் காட்ட ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிப் பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா என்ற பேச்சு வந்தாலே சிகிரியா, கண்டி, நுவரெலியா என்று பட்டியல் தொடங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் மன்னார்த் தீவு யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. செட்டிகுளத்தில் றெயில் ஏறினால் தீவின் மறுமுனையான தலைமன்னார் இறங்குதுறையில் போய் இறங்கலாம். போரில் அழிந்த அந்தப் பாதை 2015 மார்ச்சில் முழுமையாகத் திறக்கப்பட்டது. பாதை இருக்கிறது, இடங்களும் இருக்கின்றன. வருகிறவர்களுக்கு அவற்றைச் சொல்லிக் காட்ட ஆள்தான் இல்லை. வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மன்னாருக்கு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பள்ளிமுனையில் பெருக்கமரத்தின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். வீதியில் கழுதை நின்றால் அதோடும் ஒரு படம். கோட்டைக்குள் ஒரு சுற்று, பிறகு பஸ். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 19.5 மீற்றர் சுற்றளவுள்ள மரம், 1477 இல் நட்டது என்று சொல்லப்படுவது என்பதோடு பலகையின் வேலை முடிகிறது. ஆபிரிக்காவுக்குரிய மரம் இங்கே எப்படி வந்தது, அரபு வணிகர் ஒட்டகத் தீனிக்காகக் கொண்டுவந்தார்கள் என்று ஊரில் ஏன் சொல்கிறார்கள், மாந்தைத் துறைமுகத்துக்கு எந்தெந்த நாட்டுக் கப்பல்கள் வந்தன என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அந்த மரத்தின் காயை உடைத்து, உள்ளே மாவாக உதிரும் வெள்ளைச் சதையை நாக்கில் வைத்துப் பார்த்த பிள்ளை அந்தப் புளிப்பை மறக்காது. அதோடு சொல்லப்படும் வரலாறும் மனதில் நிற்கும்.

கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1560 இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1696 இல் திருத்திக் கட்டினார்கள், 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இந்த நாலு ஆண்டுகளையும் எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்குவார்கள். ஆனால் சாந்து உதிர்ந்த மதிலில் கையை வைத்து, முருகைக்கல்லின் துளைகளைத் தடவிப் பார்த்து, இந்தக் கல் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் வரலாறு தொடங்குகிறது. போர்த்துக்கேயர் திருக்கேதீஸ்வரத்தை இடித்த கற்களும் இந்தக் கோட்டைக்குள் போயின என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய, பாலாவிக் கரையில் நின்ற கோயில் அது. கோயில் இடிபடுவதற்கு முன்னர், 1544 இல், புதிதாகக் கத்தோலிக்கம் தழுவிய மன்னார் மக்களை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி வெட்டிக் கொன்றான். 600 பேருக்கு மேல் என்பது திருச்சபை வழியாக வரும் கணக்கு. அவர்களின் நினைவைத் தோட்டவெளி வேதசாட்சிகள் ஆலயம் இன்றும் காத்து வருகிறது.

இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாயால் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். சைவப் பிள்ளை தோட்டவெளியிலும், கத்தோலிக்கப் பிள்ளை பாலாவிக் கரையிலும் நின்று கேட்க வேண்டும். தங்கள் பக்கத்துக் காயத்தை மட்டும் சொல்லி வளர்த்தால் மன்னாரில் அவ்வப்போது எழும் மனக்கசப்புகள் தீரப்போவதில்லை. இதைச் சொல்லத் தெரிந்த, சொல்லும் துணிவுள்ள வழிகாட்டிகள் உள்ளூரில் இருந்தே வர வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு மனம் ஆறாத இடம் தலைமன்னார். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து ஓடிய கப்பலும் போர்க்காலத்தோடு நின்றது. கடலுக்குள் துருவேறி நிற்கும் பழைய இறங்குதுறையைப் பார்ப்பவர்களுக்கு இவ்வளவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதற்கு முன்னர் நடந்தது தெரிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் தலைமன்னாரிலும் அரிப்புக் கரையிலும் தோணியால் இறங்கி, இந்த வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளைக்கு நடந்தார்கள். 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடை. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023 இல், அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மலையக மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

இன்று எங்கள் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் பலர் அவர்களுடைய வழித்தோன்றல்கள். 1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்தை விட்டு வந்த குடும்பங்கள் செட்டிகுளத்திலும், கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களிலும் குடியேறின. காணி உறுதிக்கும் தண்ணீருக்கும் அலைந்த அந்தப் பெற்றோர், பூட்டன் பூட்டி வந்திறங்கிய கரையைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட எங்கே நேரம் கண்டார்கள்? பாடசாலைதான் காட்ட வேண்டும். தலைமன்னார்க் கரையில் நின்று இந்தக் கதையைச் சொல்ல ஒருவரை நியமிப்பது ஒரு மாவட்டத்துக்கு முடியாத காரியமா?

உயர்தரத்தில் வரலாறும் தமிழும் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் யுவதிகள் தீவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாவட்டச் செயலகமும் நகரசபையும் தொல்பொருள் திணைக்களமும் சேர்ந்து, யாழ்ப்பாண, வவுனியா பல்கலைக்கழகங்களின் துணையோடு அவர்களைப் பயிற்றுவித்து, அடையாள அட்டை கொடுத்து, ஒரு குழுவுக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கட்டும். பாடசாலைப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது, அதை அரசு கொடுக்க வேண்டும். கோட்டைக்கு அருகே நிழலும் குடிதண்ணீரும் பெண்பிள்ளைகள் பயப்படாமல் போகக்கூடிய கழிப்பறையும் வேண்டும். இவை இல்லாத இடத்துக்கு எந்த அதிபரும் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்.

பயிற்சியில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரையும் சேர்க்க வேண்டும். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வகைக் கூத்துகளும், வாசாப்பு என்ற கத்தோலிக்க நாடகமும், இயேசுவின் பாடுகளைப் பொம்மைகளால் காட்டும் பேசாலையின் உடக்குப் பாசும் இந்த மண்ணின் சொத்து. வயது போன அண்ணாவிமார் பாடலும் மெட்டுமாக நெஞ்சில் வைத்திருப்பதை ஒலிப்பதிவு செய்வது கோட்டை மதிலுக்குச் சாந்து பூசுவதை விட அவசரமானது.

மடு மாதா கோயில் திருவிழாக்களுக்கு, ஆடியிலும் ஆவணியிலும், நாட்டின் எல்லாப் பக்கங்களில் இருந்தும் சனம் வருகிறது. அதில் ஒரு பகுதி அப்படியே மன்னாருக்கும் வந்து போகிறது. பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்காமல், வரும் ஆடித் திருவிழாக் காலத்திலேயே கோட்டை, பெருக்கமரம், தலைமன்னார் இறங்குதுறை ஆகிய மூன்று இடங்களிலும் இரண்டிரண்டு பேரை நிறுத்தித் தொடங்கலாம். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் இதற்கு உங்கள் பத்திரிகை வழியாகவே பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை ஒருவர்,
செட்டிகுளம்.