படிகாரமும் கழுத்துக் கட்டியும்

ஏற்காடு,
ஞாயிறு காலை.

அன்பு மாப்ளே,

நீ அனுப்பிய உன் சம்சாரத்தின் கழுத்துக் கட்டி ரிப்போர்ட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூன்று தடவை படித்தேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தங்கச்சிக்குப் புற்றுநோய் என்று அதில் எங்குமில்லை. கழுத்து நெறிகட்டியில் காசநோய் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இன்று ராத்திரியாவது இரண்டு பேரும் தூங்குங்கள்.

"ஒரு சதைத் துணுக்கைப் பார்க்க ஆறு நாளா?" என்று பொருமியிருக்கிறாய். சாயப்பட்டறையில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது? நூலை அலசாமல் உங்கப்பா தொட்டியில் முக்குவாரா? எங்கள் லேபிலும் அதே கதைதான். சதை கெடாமல் காக்கிற பார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் ஈரத்தை இழுத்து, உருக்கிய மெழுகை உள்ளே ஏற்றி, கட்டியானதும் மைக்ரோடோம் என்கிற சீவல் கருவியில் சீவுவோம். ஒரு சீவல் 4, 5 மைக்ரான். ஒரு தலைமுடி கனத்தில் பத்துக்கு மேல் அடுக்கலாம்.

அப்புறம்தான் சாயம். ஹெமடாக்சிலின் என்பது மத்திய அமெரிக்கப் பக்கத்து மரமொன்றின் வைரத்திலிருந்து எடுப்பது. வெறுமனே ஊற்றினால் ஒட்டாது. படிகாரம் சேர்த்தால்தான் செல்லின் உட்கருவைக் கவ்வும். அம்மாப்பேட்டையில் உங்கள் பட்டறைப் படிகாரத்தைக் கற்கண்டு என்று நக்கிப்பார்த்து முகம் கோணினோமே, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லேப் அலமாரியில் அதையே பார்த்துச் சிரித்துவிட்டேன். சாயமேற்றிய ஸ்லைடைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் செவ்வூதா நீலமாகத் திரும்பும். தண்ணீரில் கொஞ்சம் காரம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஊரே திட்டுகிற உப்புத் தண்ணீர் எங்களுக்கு மட்டும் தோதாக இருந்தது. மிச்சத்தை இயோசின் என்கிற இன்னொரு சாயம் இளஞ்சிவப்பாக்கிவிடும்.

என் காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். மிளகுக்கொடி கட்டப் போய் அரிவாள் கெண்டைக்காலில் இறங்கி, எட்டுத் தையல். கட்டிலில் கிடந்தபடி உள்ளே நடப்பதை மனசாலேயே ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். முதல் நாள் நியூட்ரோபில்கள் என்கிற வெள்ளை அணுக்கள் ஓடிவரும். இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்கிற விழுங்கும் செல்கள் வந்து செத்ததைத் தின்று துப்புரவு செய்யும். அதற்குள் புது ரத்தக்குழாய்கள் கிளைவிட்டு, குருணை குருணையாகச் செஞ்சதை கிளம்பும். ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற செல்கள் கொலாஜன் என்கிற புரத நூலை நெய்யும். தையல் பிரிக்கிற ஒரு வாரத்தில் தோலுக்குப் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மூன்று மாதம் கழித்தும் முக்கால் பங்கு. முழுசாகத் திரும்பவே திரும்பாது. இவ்வளவும் தெரிந்த நான், தையல் பிரித்த மறுநாளே காப்பி மூட்டையைத் தூக்கப் போனேன். வீட்டில் விழுந்த திட்டை எழுத மாட்டேன்.

அதே மேக்ரோஃபேஜ்கள்தான் தங்கச்சி கழுத்திலும் இருப்பவை. என் காலில் வேலை முடிந்து கலைந்துவிட்டன. அங்கே விழுங்கிய கிருமி சாகவில்லை. மெழுகுச் சட்டை போட்ட கிருமி அது. அதனால் கலையாமல் சுற்றி அரண் கட்டி உட்கார்ந்துகொண்டன. ரிப்போர்ட்டில் உள்ள 'கிரானுலோமா' அதுதான். சில ஒன்றாகச் சேர்ந்து ராட்சதச் செல் ஆகும். அதன் ஓரத்தில் உட்கருக்கள் குதிரை லாடம் மாதிரி வளைந்து நிற்கும். லாங்ஹான்ஸ் என்கிற ஜெர்மன் டாக்டர் 1868இல் இதை எழுதிவைத்தார். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் என்கிற டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னது 1882இல். யார் வீட்டுக்குள் புகுந்தது என்று தெரியுமுன்பே கோட்டையின் படம் கைக்கு வந்துவிட்டது, பார்! எத்தனையோ வருஷம் பார்த்தும் அந்த லாடம் எனக்குச் சலிக்கவில்லை. இப்போது தெரிந்தவர் கழுத்தில் என்றதும் கை நடுங்குகிறது.

டாக்டரிடம் ஒன்று கேள்: கட்டியில் ஒரு துண்டை பார்மலினில் போடாமல் தனியாக சிபிநாட் சோதனைக்கு, அதாவது கிருமியின் மரபணுவைத் தேடுகிற சோதனைக்கு, அனுப்பினார்களா? எந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்பதை ஸ்லைடு சொல்லாது. முழுசையும் பார்மலினில் போட்டிருந்தால் கிருமியை வளர்த்துப் பார்க்க வழியில்லை. கட்டியில் ஊசியைக் குத்தி மறுபடி கொஞ்சம் எடுக்கச் சொல்லலாம். நெறிகட்டிக் காசநோய் மட்டும் என்றால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது, தட்டையும் டம்ளரையும் தனியே வைக்காதே. நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மாத்திரை பொதுவாக ஆறு மாதம், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சாப்பிடும் நாளில் கட்டி இடையே பெரிதானாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மாத்திரை ஆரம்பித்ததும் ஒன்றுக்குப் போவது செம்மஞ்சளாகப் போகும். அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்கிற மருந்து செய்கிற வேலை, ரத்தமில்லை. தங்கச்சி பதறுமுன் சொல்லிவை. சாயக்காரர் வீட்டு மருமகள், சிரித்தாலும் சிரிப்பாள்.

உன்
மாப்ளே