எப்ரு தற்செயலாக வருவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரின்மேல் மிதக்கும் வண்ணத்தைத் தாளில் ஒற்றியெடுக்கும் துருக்கியின் எப்ரு காகிதக் கலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'தண்ணீரில் வண்ணம் தெளித்தால் தானாக அமையும் அழகு' என்று ஒரு வரி இருந்தது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி மனதைப் புண்படுத்திவிட்டது.

வெறும் தண்ணீரில் அந்த வண்ணம் நிற்காது, மூழ்கிவிடும். கித்ரே என்ற முட்செடிப் பிசினை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பசைநீர் கெட்டியானால் வண்ணம் பரவாது. நீர்த்துவிட்டால் இழுத்த கோடு இழுத்த இடத்தில் நிற்காது. மண் நிறமிகளைப் பளிங்குக் கல்லில் மைய அரைத்து, அதில் மாட்டுப் பித்தத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலப்பார்கள். வண்ணத்தை மேலே பரப்புவதும், ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பதும் அந்தப் பித்தம்தான். குறைந்தால் வண்ணம் அடியில் இறங்கும். மிஞ்சினால் அகலப் பரவி வெளிறிப்போகும். பின்னால் தெளிக்கும் வண்ணம் முன்னால் விழுந்ததைத் தள்ளி இடம்பிடிக்க வேண்டும், அதனால் அதற்குப் பித்தம் கூடுதல். யுனெஸ்கோ 2014-இல் எப்ருவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தி உங்கள் கட்டுரையில் இருக்கிறது. பித்தம் பற்றி ஒரு சொல்கூட இல்லையே ஐயா!

'பட்டால்' என்ற எப்ரு வகைத் தாள் ஒன்றை உற்றுப் பாருங்கள். ரோஜாக் கொம்பில் குதிரைமுடி கட்டிய தூரிகையால் தெளித்தது அது. முதலில் விழுந்த நிறம் நெருக்குண்டு நரம்பாக ஓடும். கடைசியில் விழுந்தது வட்டமாக விரிந்து கிடக்கும். எது முன், எது பின் என்று தாளிலேயே படித்துவிடலாம்.

முன்பு ஒருமுறை கெல்கித், தராக்லி, புல்புல் யுவாசி என்ற மூன்று வகைகளையும் 'மார்பிள் டிசைன்' என்று ஒரே பெயரில் அச்சிட்டீர்கள். கம்பியை இணையாகப் போக்கும் வரவுமாக இழுத்தால் கெல்கித். அதன்மேல் குறுக்கே சீப்பு ஓடினால் தராக்லி. வெளியிலிருந்து உள்ளே சுழித்தால் புல்புல் யுவாசி. இஸ்தான்புல்லின் அயசோஃபியா மசூதியில் பிரசங்கியாராக ('ஹாதிப்') இருந்த மெஹ்மெத் எஃபெந்தியின் (மறைவு 1773) பெயரால் வழங்கும் ஹாதிப் எப்ருவை ஏதோ பூக்கோலம் என்றீர்கள். துளிக்குள் துளி வைத்து ஊசியால் இழுக்கும் தனி வகை அது. எப்ருக் கலைஞர் நெஜ்மெத்தின் ஒக்யாய் (1883–1976) வளர்த்தெடுத்த மலர் எப்ருவுக்கு வந்தபோது, துலிப் பூ தலைகீழாக அச்சாகியிருந்தது.

இந்த முறை அட்டைப்படத்தில் 'நிலவுபோல் ஒளிரும் வெண்பொட்டு' என்று வர்ணித்திருப்பது காற்றுக்குமிழி. தாளை ஓர் ஓரத்திலிருந்து நிதானமாகப் படியவைக்காமல் போட்டால் காற்று அகப்பட்டு அந்த இடத்தில் வண்ணம் ஒட்டாது. பாதியில் கை தயங்கினாலும் அங்கே ஒரு கோடு விழும். ஒரு தெளிப்புக்கு ஒரே தாள்தான். அதைத் திருத்த வழியில்லை. அந்தப் பழுதை அழகென்று காட்டினால், பழுதில்லாமல் எடுத்தவரின் கைக்கு என்ன மதிப்பு?

நான் கேட்பது பெரிதல்ல. இனி எப்ருப் படம் வெளியிட்டால் அதன் கீழே வகையின் பெயரைப் போடுங்கள். பூவாக இருந்தால், தண்டு கீழே இருக்கிறதா என்று அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
புத்தக பைண்டிங் தொழில் செய்யும் வாசகன்,
மதுரை