ஆண்டறிக்கை 2024–25: இரை கலப்பதும் வாங்குவதும்

நம் தூண்டில் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். உறுப்பினர் அட்டை புதுப்பித்தது, கரையில் முள்செடி வெட்டியது, ஏரிக் குத்தகைதாரரிடம் அனுமதியை நீட்டித்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழுவில் நேரத்தைத் தின்றது ஒரே பேச்சு: கெண்டைக்கு இரையை நாமே கலப்பதா, பாக்கெட் வாங்குவதா? சென்ற பொதுக்குழு கேட்டபடி இரண்டையும் ஒரே கரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம்.

நம் ஏரியில் இருப்பது பெரும்பாலும் பண்ணைக் குஞ்சாக வந்து விடப்பட்ட கட்லா, ரோகு, மிர்கால். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பியின் சாறு ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். ஆற்றில் குஞ்சு அரித்து வரும் காலம் அதன் பிறகுதான் மெல்ல மாறியது. பண்ணைத் தொட்டியில் காலங்காலமாகப் போடும் தீனி அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி. அந்த வாசத்திலேயே வளர்ந்த மீனுக்குப் பாக்கெட் இரையின் ஸ்ட்ராபெரி எசன்ஸ் எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மீனை ஓரிடத்தில் கூட்ட நீரில் போடும் தீனிக்கு இந்த ஆண்டு நிலைத்த அளவு இது: செக்குக் கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, தவிடு 3 கிலோ, பொட்டுக்கடலை மாவு அரை கிலோ, வெல்லம் கால் கிலோ, வறுத்துப் பொடித்த வெந்தயம் 50 கிராம், கச்சோலம் 50 கிராம். கச்சோலம் வங்காளத்துத் தூண்டில்காரர்களிடம் கற்றது. அங்கே அதை ஏகாங்கி என்பார்கள், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். எண்ணெய் முழுக்க எடுத்த புண்ணாக்கை வாங்க வேண்டாம். மணம் மிச்ச எண்ணெயில்தான் இருக்கிறது. புண்ணாக்கை இடித்து, வாசம் கிளம்பும் வரை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டுங்கள். கருகினால் கசக்கும்.

பலர் கோட்டை விடுவது தண்ணீரில். மொத்தத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றினால் மேலே சேறு, உள்ளே உலர்ந்த தவிடு. பாதி தெளித்துப் பிசிறி இருபது நிமிடம் மூடி வையுங்கள். தவிடு குடித்து முடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையில் அழுத்தினால் உருண்டை நிற்கவேண்டும், கட்டைவிரலால் தள்ளினால் உதிரவேண்டும். கரைக்கு வந்ததும் ஓர் உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கட்லாவுக்கு மூன்று நிமிடத்துக்குள் கரைந்து மேகம்போல் பரவவேண்டும். அதன் வாய் மேல்நோக்கியது, நடுநீரிலும் மேல்நீரிலும் மேய்வது. மிர்கால் தரையில் மேய்வதால் பத்து நிமிடம் தாங்கட்டும். அதற்குக் கலவையில் ஏரிக் களிமண் இரண்டு கிலோ சேர்த்தால் போதும், காற்றிலும் தூரம் போகும்.

எச்சரிக்கை ஒன்று. புண்ணாக்கு என்றால் எல்லாம் ஒன்றல்ல. இலுப்பைப் புண்ணாக்கில் உள்ள சபோனின் மீனின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லத்தான் அதைப் பண்ணைகளில் போடுகிறார்கள். ஆமணக்குப் புண்ணாக்கும் விஷம். மழைக்காலத்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் தொடவேண்டாம். காய்ந்த சோளம், கொண்டைக்கடலை போடுவோர் ஓர் இரவு ஊறவைத்து வேகவைத்த பிறகே போடவும். ஊறாத பயறு மீன் வயிற்றில் போய் உப்பும்.

தூண்டில் முள்ளில் மாட்டும் மாவு வேறு கதை. கோதுமை மாவு 100, பொட்டுக்கடலை மாவு 100, சலித்த புண்ணாக்குத் தூள் 50 கிராம். வெந்நீர் தெளித்துப் பிசைந்து, உருண்டையைத் துணியில் முடிந்து கொதிநீரில் ஐந்து நிமிடம். ஆறியதும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் தொட்டு மறுபடி பிசையவேண்டும். வேகவைக்காத மாவு முள்ளிலிருந்து கழன்றுவிடும். அதிகம் வெந்தால் ரப்பர், முள் முனை வெளியே வராது. காவிரியில் மஹசீருக்குக் கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டியதும் இந்தக் காரணத்துக்குத்தான்: ஓடும் நீரில் நிற்கவேண்டும். ஜிலேபிக் கெண்டை கொத்திக் கொத்தியே தீர்த்துவிடுகிற இடத்தில், நாலைந்து பஞ்சு நூலைப் பிய்த்து மாவோடு சேர்த்துப் பிசைந்தால் தக்கை ஆடி ஓய்ந்த பிறகும் முள்ளில் மாவு இருக்கும். ரோகுவுக்கு முசிறு எறும்பின் முட்டையை மாவில் கலப்பவர்களுக்கு மறுப்பில்லை, கடி வாங்கத் தயாராக இருந்தால் சரி.

இனி பாக்கெட். அதை மட்டம் தட்டுவது இந்த அறிக்கையின் நோக்கமல்ல. ஒரே சீராக அரைத்தது, பையில் நாற்றம் இல்லை, அவசரத்துக்கு உதவும். ஆனால் கடையில் தொங்குவதில் பெரும்பங்கு ஐரோப்பியச் சாதாக் கெண்டையை (காமன் கார்ப்) மனத்தில் வைத்துச் செய்த பாய்லி, அதாவது மாவை முட்டையில் பிசைந்து வேகவைத்த உருண்டை. தொண்டைப் பல்லால் கடினமானதையும் நொறுக்கும் மீனுக்கு அது பொருந்தும். மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் கட்லா அதை ஏன் எடுக்கப்போகிறது? இலங்கையிலிருந்து 1939-இல் சாதாக் கெண்டை கொண்டுவந்து விடப்பட்ட ஊட்டி போன்ற குளிர்நீருக்குப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது தேதி பாருங்கள். பிரித்த பாக்கெட் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பாய்லியையும் வீட்டில் செய்யலாம். ஆறு முட்டைக்கு ஏறக்குறைய 400 கிராம் மாவுக் கலவை. 14 மில்லிமீட்டர் உருண்டையைக் கொதிநீரில் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் போட்டெடுத்து, துணியில் பரப்பி ஒரு நாள் நிழலில் உலர்த்தவேண்டும். மீறிக் கொதித்தால் வாசம் தண்ணீரோடு போய்விடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டாம் நாளே பூசணம் வரலாம், ஃப்ரீசரில் இடம் இல்லாதவர்கள் முயலவேண்டாம்.

குத்தகைதாரரின் புகார் ஒன்று வந்தது, சரியான புகார்தான். மிஞ்சிய தீனியைப் போகும்போது மொத்தமாக ஏரியில் கொட்டியிருக்கிறார்கள். அது அழுகும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மப்பும் மந்தாரமுமான நாட்களில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். ஆகவே தூண்டில் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2 கிலோ ஈரத் தீனி, அதற்கு மேல் இல்லை. மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மாட்டுக்குக் கலக்கலாம்.

செயற்குழு முன்வைப்பவை: தீனிக்கான புண்ணாக்கையும் தவிட்டையும் சங்கமே மொத்தமாக வாங்கி அடக்கவிலையில் கொடுப்பது, முள் மாவை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது, எலி புகாத மூடியுள்ள டிரம் இரண்டு வாங்குவது. டிரம்மை யார் வீட்டில் வைப்பது என்பதில் மட்டும் செயற்குழுவில் முடிவு வரவில்லை. பொதுக்குழு சொல்லட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்