மடியில் ஒரு டேபிள் ஃபேன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. ரிட்டயர்மெண்ட் பணம் வந்தாயிற்று, மாடி வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று, இனி ஒன்றாம் தேதி நாவலைத் தொடங்க வேண்டியதுதான் என்று எழுதியிருக்கிறாய். 40 அத்தியாயத்துக்கும் தலைப்பு வேறு! காலேஜில் பரீட்சைக்கு முன்னால் கலர் பென்சிலால் டைம்டேபிள் போடுவாயே, அதுதான் ஞாபகம் வந்தது. டைம்டேபிள் பிரமாதமாக இருக்கும்.

கோபித்துக்கொள்ளாதே. இப்போதைக்குத் தொடங்காதே.

நாலு வருஷம் முன்னால் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் ஒரு அம்மா மடியில் டேபிள் ஃபேனோடு உட்கார்ந்திருந்தாள். பஸ் வேகமெடுத்ததும் ஜன்னல் காற்றில் இறக்கை தானாகச் சுற்றியது. அவள் கம்பிக்குள் ஒரு விரலை விட்டு நிறுத்தினாள். விரலை எடுத்தால் சுற்றும், மறுபடி நிறுத்துவாள். மானூர் தாண்டியும் இதேதான்.

அன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். குடிகாரப் புருஷன், அடகுக்கடை, மூத்தவள் கல்யாணம் என்று 12 பக்கம். எல்லாம் எங்கெங்கோ படித்த கதைகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. அந்த விரலுக்கு மட்டும் அதில் வேலையே இல்லை. தூக்கிப் பரணில் போட்டேன்.

போன சித்திரையில் அம்மா 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் அல்லவா? வார்டில் கட்டிலுக்குக் கட்டில் வீட்டிலிருந்து கொண்டுவந்த டேபிள் ஃபேன். எங்களுக்கும் தம்பி ஒன்று கொண்டுவந்தான். டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோவில் அது என் மடியில். வண்டி கிளம்பியதும் இறக்கை சுற்றியது. "காத்து நல்லா வருதுடா" என்றாள் அம்மா. எனக்குச் சுருக்கென்றது. அந்த பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட் காலி.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்துதான் வந்தாளா, தெரியாது. ஆனால் கதை அங்கேதான் இருக்கிறது. இன்னும் எழுதவில்லை. வீட்டுக்குப் போய் அந்த ஃபேனை எங்கே வைத்தாள் என்பது பிடிபடவில்லை.

டால்ஸ்டாய் கதை தெரியும்தானே? 1851இல், ரஷ்யர்களை எதிர்த்துச் சண்டை போட்ட காகசஸ் மலைத் தலைவன் ஹாஜி முராத் அவர்கள் பக்கமே வந்து சேர்ந்தபோது, 23 வயதுப் பையனாக டால்ஸ்டாயும் காகசஸில்தான் இருந்தார். அண்ணனுக்குக் கடிதத்தில் எழுதினார், அவ்வளவுதான். 1896இல் உழுத வயலோரம் ஒரு முட்செடியைப் பார்க்கிறார். ஒடிந்து, தூசியில் கறுத்து, பூவின் நடுவில் மட்டும் சிவப்பு உயிரோடு இருக்கிறது. ஹாஜி முராத் ஞாபகம் வருகிறது, டைரியில் குறித்துக்கொள்கிறார். 45 வருஷம்! அதற்கப்புறமும் 1904 வரை பழைய நினைவுக்குறிப்புகளைத் தேடிப் படித்து, திருத்தித் திருத்தி எழுதினார். 'ஹாஜி முராத்' என்ற அந்த நாவல் அச்சில் வந்தது 1912இல், ஆள் போய் 2 வருஷம் கழித்து. நமக்கு அவ்வளவு டைம் கிடையாது, சரி. ஒன்றாம் தேதிதான் என்று யாரும் கழுத்தில் கத்தி வைக்கவும் இல்லையே.

உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி: அப்பா தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவதைப் பத்து வயதில் பார்த்தேன் என்று. பார்த்துவிட்டு என்னடா செய்தாய்? அவருக்குத் தெரியுமா, நீ பார்த்தது? 40 தலைப்பில் அதற்கு ஒன்றுகூட இல்லை.

அம்மா இப்போது வாசல்வரை நடக்கிறாள். உன்னைக் கேட்டாள். ஆடியில் வா, குற்றாலம் போகலாம். நோட்டைக் கொண்டுவராதே.

உன்,
பழைய ரூம்மேட்