ஜான்டியா, சோல்கரா?

பாம்பன்,
வைகாசி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கின்றன. சிலர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், சிலர் வலை பொத்துகிறார்கள். ஜூன் 14 தாண்ட வேண்டும். நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் போய் வருகிறார்கள். கச்சான் காற்று இந்த வருஷம் சீக்கிரமே கிளம்பிவிட்டது. தென்கடல் பக்கம் நின்றால் வேட்டி நிற்காது. புதுப் பாலத்தில் ரயில் போகும்போது இன்னும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கிறேன். நீ வந்தால் உன்னையும் அதில் கூட்டிப்போக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் போனில் கிரிக்கெட் பேசும்போது, "ஜான்டி ரோட்ஸை விட்டால் ஃபீல்டர் என்று வேறு ஒருத்தனைச் சொல்லு பார்ப்போம்" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. பத்து நாளாக அதுதான் மனதில் ஓடுகிறது. எழுதினால்தான் முழுதாகச் சொல்ல முடியும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தென்னாப்பிரிக்கக்காரர் ஜான்டியை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. 1992 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, பிரிஸ்பேனில் பாகிஸ்தானோடு நடந்த உலகக் கோப்பை ஆட்டம். இன்சமாம் 48 ரன்னில் நிற்கிறார். ஒரு ரன்னுக்கு ஓடி வருகிறார், எதிரில் இம்ரான் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார். பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில் இருக்கும் பாயின்ட் என்ற இடத்திலிருந்து பந்தை எடுத்த ஜான்டி எறியவே இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்து, அப்படியே பறந்து, மூன்று ஸ்டம்பையும் சாய்த்துவிட்டார். அந்தப் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி உன் கணக்கு நோட்டில் ஒட்டியிருந்தாய், நினைவிருக்கிறதா? மறுநாளிலிருந்து நம் கடற்கரையில் பந்தை எறிகிறவனே இல்லை. எல்லாரும் ஸ்டம்ப் மேல் போய் விழுந்தோம்.

அவர் ஹாக்கியும் ஆடியவர் என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். ஹாக்கிக்காரனுக்கு இடுப்பு எப்போதும் தாழ்ந்தே இருக்கும். பவுலர் ஓடிவரும்போது ஜான்டியும் முன்னால் நடந்து வருவார். பந்து மட்டையில் படும் நேரத்தில் முன்கால் விரல்களில் நிற்பார். டைவ் அடிப்பதைவிட டைவ் அடித்த பிறகு எழும் வேகம்தான் அவரிடம் அதிசயம். மற்றவர்கள் விழுந்தால் விழுந்ததுதான். அவர் விழும்போதே எழுந்திருப்பார். 1993இல் மும்பை பிரபோர்ன் மைதானத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஒரே ஒருநாள் ஆட்டத்தில் ஐந்து கேட்ச். கீப்பர் அல்லாத ஒருவர் அப்படிப் பிடித்தது அதுவரை கிடையாது. இதெல்லாம் உனக்கு மனப்பாடம்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அவர் மறித்த ரன்களுக்கு எந்த ஸ்கோர் புத்தகத்திலும் கணக்கு இல்லை. பந்து பாயின்ட் பக்கம் போனாலே பேட்ஸ்மேன் ஓடப் பயந்தானே, அந்தப் பயத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? அதனால் கேட்ச் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை மடக்க மாட்டேன்.

ஆனால் உன்னை ஒரு கேள்வி கேட்கிறேன். நாம் எங்கே ஆடினோம்? மணலில். மணலில் விழுவதற்கு ஒரு செலவும் இல்லை. ராமநாதபுரத்துக்கு கார்க் பந்து மேட்ச் ஆடப் போனோமே, கட்டாந்தரை, ஓரத்தில் கருவேல முள். அன்றைக்கு நீயே இரண்டாவது டைவுக்கு யோசித்தாய். அதே மேட்சில் படகு முதலாளி சம்மாட்டி வீட்டுச் சின்னவன் மட்டைக்கு நேர் முன்னால், கையெட்டும் தூரத்தில் போய்க் குந்தினான். பேடு இல்லை, ஒன்றும் இல்லை. முதல் பந்து காறை எலும்பில் பட்டது. சத்தம் நமக்கே கேட்டது. நாம் எல்லாரும் ஓடினோம். அவன் கையை மட்டும் ஆட்டி, போங்கள் என்றான். பின்வாங்கவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. அடுத்த ஓவரில் அதே இடத்தில் கேட்ச் பிடித்தான். பவுலருக்கு விழவேண்டிய விக்கெட் இல்லை அது. அவன் அங்கே நின்றதால் விழுந்த விக்கெட்.

அன்றிலிருந்து எனக்கு ஃபீல்டர் என்றால் அந்த இடம்தான், ஷார்ட் லெக். அதனால்தான் நான் நம் இந்திய அணியின் ஏக்நாத் சோல்கர் என்கிறேன்.

பார்க்காதவனை எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாய். 1971இல் நாம் கைக்குழந்தைகள். என் அப்பா டீக்கடை ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு வந்து சொன்னதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஓவல் மைதானம், ஆகஸ்ட் மாதம். சந்திரசேகர் 38 ரன்னுக்கு ஆறு விக்கெட், இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸில் 101க்குச் சுருண்டது. இந்தியா நான்கு விக்கெட்டில் வென்று, இங்கிலாந்து மண்ணில் முதல் தொடரை எடுத்தது. எல்லாரும் சந்திராவைப் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் இங்கிலாந்தின் ஆலன் நாட் முதல் இன்னிங்ஸில் 90 அடித்தவர். அவர் நின்றிருந்தால் கதை வேறு. நம்ம சென்னை வெங்கட்ராகவன் போட்ட பந்தில் மட்டையின் ஓரம் பட்டு முன்னால் விழப்போன பந்தை, சோல்கர் முழு நீளத்துக்குப் பாய்ந்து, புல்லுக்கு மேலே விரல் அளவில் எடுத்தார். நாட் ஒரு ரன்னில் அவுட். இப்போது அந்தப் படத்துண்டை என் மகன் போனில் எடுத்துக் காட்டினான். மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். அப்பா மிகைப்படுத்தவே இல்லை.

அவருடைய அப்பா மும்பை இந்து ஜிம்கானாவில் மைதானத்தைப் பராமரிக்கிற வேலை பார்த்தவர். குடும்பம் அங்கேயே ஒரு சின்னக் குடிசையில் இருந்தது. புல் வெட்டுகிற இடத்திலேயே வளர்ந்த பையன், ஹெல்மெட் டெஸ்ட் ஆட்டத்துக்கு வருவதற்கு முந்தைய காலத்தில், பேடி, பிரசன்னா, சந்திரா, வெங்கட் என்ற சுழற்பந்து வீச்சாளர்கள் நால்வருக்கும் மட்டையடியில் போய் நின்றார். 27 டெஸ்ட், 53 கேட்ச். ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு. திராவிட் 164 டெஸ்டில் 210 பிடித்த பெரிய ஸ்லிப் ஃபீல்டர்; அவருக்குக்கூட ஆட்டத்துக்கு ஒன்றே காலுக்குக் கொஞ்சம் மேல். ஸ்லிப்பில் நிற்பவனுக்குப் பந்து வரும் தூரம் உண்டு. ஷார்ட் லெக்கில் தூரமே கிடையாது. மட்டையின் முகம் எப்படித் திரும்புகிறது என்று பார்த்து முன்கூட்டியே கை போக வேண்டும்.

அந்த இடத்தின் ஆபத்தை நீ மறக்கக் கூடாது. 1998இல் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் நம் நாட்டு வீரர் ராமன் லம்பா ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பந்து தலையில் பட்டு, சில நாட்களில் இறந்துபோனார். ஓவரில் சில பந்துகள்தானே என்று நின்றவர். சோல்கர் அப்படி வருஷக்கணக்காக நின்றிருக்கிறார். எனக்கு இதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

மற்ற பெயர்களும் மனதில் வராமல் இல்லை. 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் இண்டீஸின் ரிச்சர்ட்ஸ் மட்டையால் அடித்தது வெறும் ஐந்து. ஆனால் ஆஸ்திரேலியாவின் சேப்பல் அண்ணன் தம்பி இருவரையும் டர்னரையும் ரன் அவுட் ஆக்கிக் கோப்பையைக் கையில் கொடுத்தார். பட்டோடி ஒரு கண்ணின் பார்வையை விபத்தில் இழந்த பிறகும் கவரில் புலியாக நின்றார்; ஒரு கண்ணை மூடிக்கொண்டு பந்தைப் பிடித்துப் பார், அப்போது தெரியும். என் மகன் சூர்யகுமாரைச் சொல்கிறான். 2024 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மில்லர் அடித்ததை எல்லைக் கோட்டில் பிடித்து, மேலே போட்டு, வெளியே போய், திரும்ப உள்ளே வந்து பிடித்தாரே, அது. பையன் சொல்வதிலும் தப்பில்லை. அது ஒரு கோப்பையைக் காப்பாற்றிய கை.

ஆனால் ஒரே ஒரு கேட்ச் என்று கேட்டால் எனக்கு 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக் கபில்தான். மதன்லால் பந்தை ரிச்சர்ட்ஸ் தூக்கி அடிக்க, கபில் முதுகைக் காட்டிப் பின்னால் ஓடி, தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே பிடித்தார். இதை நம் ஊர்க்காரன் புரிந்துகொள்வது போல வேறு யாரும் புரிந்துகொள்ள மாட்டான். கச்சான் காலத்தில் உயரே போன பந்து எங்கே இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? வடக்கே போகிற மாதிரி போய்த் தலைக்குப் பின்னால் விழும். அப்படிப்பட்ட பந்துக்கு அடியில் எத்தனை பேர் நின்று ஏமாந்தோம். கபில் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

ஆக, ஆட்டத்தை மாற்றியவர் ஜான்டி. அவருக்குப் பிறகுதான் வேகப்பந்து வீச்சாளன்கூடத் தரையில் விழ ஆரம்பித்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் நிற்க விரும்பாத இடத்தில் நின்றவர் சோல்கர். எனக்கு அவர்தான் முதல்.

சின்னவனைப் போன வாரம் பார்த்தேன். உன்னைக் கேட்டான். காறை எலும்பில் அந்த மேடு இன்னும் இருக்கிறது, தொட்டுக் காட்டினான். படகு இறங்கிவிட்டால் அவனைக் கரையில் பிடிக்க முடியாது. அதனால் ஜூன் 14க்குள் இரண்டு நாள் லீவு போட்டு வா. சாயங்காலம் பையன்கள் பழைய இடத்திலேயே ஆடுகிறார்கள். வலை காயப்போடும் கம்புதான் இப்போதும் ஸ்டம்ப். நீ பாயின்ட்டில் நில். அவனை முன்னால் நிறுத்துவோம். அப்புறம் பேசலாம்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்